கவிழ்த்துப் பார்க்காத பெஞ்சுகள்

பட்டறையில் அவருக்குக் கண்ணாடி என்று பெயர். அவர் மூக்குக்கண்ணாடி போடுபவர் அல்ல. அவர் வார்னிஷ் பூசிய பலகையைப் பார்த்தே சவரம் செய்துகொள்ளலாம் என்று யாரோ சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. இழைப்புக்காரன் ஒருவன் நிஜமாகவே மேஜை ஒன்றில் குனிந்து தலைவாரிக்கொண்டு போனான். அன்று முழுக்க அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

முப்பது வருடமாக உப்புத்தாளும் பிரஷ்ஷும்தான். தின்னர் வாடை அவர் சட்டையில் ஏறி, சட்டையிலிருந்து வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவிக்கு அது பழகிப்போன வாடை. புருஷன் கைபட்டது பொய்த்துப்போகாது என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசுவாள். தன் தம்பியைப் பற்றியும் அதே மாதிரிதான் பேசுவாள். அதே பட்டறையில் அவன் தச்சன். அவனை அங்கே கூட்டிவந்து சேர்த்ததே கண்ணாடிதான்.

ஆஸ்பத்திரித் தோட்டத்துக்குப் பன்னிரண்டு பெஞ்சுகள் வேண்டும் என்று ஆர்டர் வந்தபோது, எதைப் பூசுவது என்ற முடிவை முதலாளி அவரிடமே விட்டுவிட்டார். வெயிலிலும் மழையிலும் கிடக்கப்போகிற சாமான், எது தாங்குமோ அதைப் போடு என்றார். பூசுவதற்கு முதல்நாள் மச்சினன் ஒரு பெஞ்சின் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் வந்தான்.

"மரம் இன்னும் ஈரமா இருக்கு மாமா. எண்ணெயே அடிங்க. உள்ள இருக்கற தண்ணி மெல்ல வெளிய போயிரும். வார்னிஷ் அடிச்சா மூடி போட்ட மாதிரி ஆயிரும்."

"எண்ணெய் அடிச்சா வருசா வருசம் யாரு போயி அடிக்கிறது?"

"சரி, வார்னிஷே அடிங்க. கவுத்துப் போட்டுக் காலுக்கு அடியிலயும் பூசுங்க. தரையில நிக்கிற தண்ணிய அது அங்கதான் குடிக்கும்."

"பெஞ்சுக்கு செருப்பு தைக்கச் சொல்லுவ போலிருக்கே மாப்ள" என்றார் கண்ணாடி. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

எண்ணெய் ஏன் வேண்டாம் என்பதற்கு அவர் வாயால் சொன்ன காரணம் ஒன்று, மனதில் இருந்தது இன்னொன்று. எண்ணெய் குடித்த மரம் மங்கலாகத்தான் இருக்கும். இதை யார் பூசினது என்று எவனும் கேட்க மாட்டான். கவிழ்க்காததற்கும் அதேதான் காரணம். பூசியதைத் தலைகீழாக்கினால் மேற்பரப்பில் எங்காவது ஒரு கீறல் விழும். நான்கு நாளில் தோட்டத்துத் திறப்பு விழா. மூன்று கோட் ஏற்றினார், நின்ற வாக்கிலேயே லாரியில் ஏற்றினார்கள். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் பெஞ்சுகளைத் தடவிப் பார்த்தார்கள்.

இரண்டு மழைக்காலம் போனது. மகளின் பிரசவத்துக்கு வந்திருந்த ஒருவர், மழை விட்ட ஒரு காலையில், தோட்டத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பெஞ்சின் பின்னங்கால் ஒன்று மடங்கியது. மல்லாக்க விழுந்தவரின் பின்தலை நடைபாதை ஓரக் கல்லில் பட்டது. மூன்றாம் நாள் இறந்துபோனார். பேரக்குழந்தை முந்தின நாளே பிறந்திருந்தது.

உடைந்த பெஞ்சைப் பட்டறைக்குக் கொண்டுவந்து போட்டார்கள். பொருத்து கழன்று கிடந்ததை முதலாளி பார்த்தார். பொருத்து என்றால் தச்சன் வேலை, அதற்கு மேல் அவருக்கு யோசனை ஓடவில்லை. கண்ணாடி மட்டும் குனிந்து, முறிந்த காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். வார்னிஷ் தோல் பளபளவென்று அப்படியே இருந்தது. விரல் உள்ளே போனது. அடியிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு மரம் நனைந்த ரொட்டியாக இருந்தது. யாரும் பார்ப்பதற்குள் அந்தக் காலை எடுத்து டீ அடுப்புக்குப் போகிற விறகோடு போட்டார்.

மச்சினனை அன்றே நிறுத்திவிட்டார்கள். ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். கேஸ் எந்த நேரமும் வரலாம் என்றார்கள். வேறு எந்தப் பட்டறையும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பழம் அனுப்பும் பெட்டிகளுக்கு ஆணி அடிக்கப் போனான். அக்காவைப் பார்க்க ஒரு நாள் வந்தபோது அவள் அவனை வாசற்படி ஏறவிடவில்லை.

"உன் கையால ஒரு உசுரு போயிருக்கு. இவரு எவ்வளவு பாத்துப் பாத்து வேலை செய்யறாரு, அதைப் பாத்தாவது கத்துக்கிட்டியா நீ?"

கண்ணாடி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மச்சினன் ஏதாவது சொல்வான் என்று கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். செருப்புச் சத்தம் மட்டும் தெருவில் இறங்கிப் போனது. அதோடு அவள் தம்பியைத் தலைமுழுகினாள்.

ஐந்து மாதம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. பார்வையிட யாரோ வருகிறார்களாம். மிச்சமிருந்த பதினொரு பெஞ்சுகளின் பொருத்துகளிலும் புது ஸ்க்ரூ ஏற்றியாகிவிட்டது, மேலே ஒரு கோட் அடித்துவிட்டால் போதும் என்றார்கள். முதலாளி கண்ணாடியை அனுப்பினார்.

அவர் டப்பாவைத் திறந்தார். கலக்கினார். பிரஷ்ஷை நனைக்கவும் செய்தார். முதல் பெஞ்சில் ஒரு பெண் மடியில் மாத்திரைப் பையோடு உட்கார்ந்திருந்தாள். பூச வேண்டும், எழுந்திருங்கள் என்றார். காய எவ்வளவு நேரமாகும், எப்போது வந்து உட்காரலாம் என்று கேட்டாள். எழுந்து தள்ளி நின்றாள்.

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் பெஞ்சைக் கவிழ்த்தார். தன் வேலையைத் தலைகீழாக அவர் பார்த்தது அன்றுதான் முதல்முறை. நான்கு கால்களின் அடியும் கறுத்து ஊறிக் கிடந்தன. டப்பா திறந்த திருப்புளியின் முனையை அதில் வைத்தார். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. அடுத்ததையும் கவிழ்த்தார். பதினொன்றில் ஒன்றுகூட உருப்படியாக இல்லை. எல்லாவற்றையும் கால் மேலே தெரியும்படி அப்படியே விட்டுவிட்டு, மேனேஜர் அறைக்குப் போனார். இதில் இனி யாரும் உட்காரக் கூடாது, பொருத்தில் குற்றமில்லை, பூச்சில்தான் குற்றம், பூசினவன் நான்தான் என்றார். மேனேஜர் முதலில் கேட்டது, பார்வையிட வருகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது என்பதைத்தான். பிறகு, இதை எழுதிக் கொடுப்பாயா என்றார். எழுதிக் கொடுத்தார். ஸ்டேஷனிலும் இதையே சொல்ல வேண்டியிருக்கும் என்றார்கள். தலையாட்டினார்.

அங்கிருந்து நேரே பெட்டிக் கொட்டகைக்குப் போனார். மச்சினன் வாயில் ஆணிகளைக் கவ்வியபடி வேலை செய்துகொண்டிருந்தான். அவர் சொன்னதை முழுக்கக் கேட்டான். ஆணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து வைத்தான்.

"உங்களுக்கு எப்பத் தெரியும் மாமா?"

"அந்தக் காலைத் தொட்ட அன்னிக்கே."

"எனக்கும் அன்னிக்கே தெரியும். உடைஞ்ச பெஞ்சுல அந்த ஒரு காலைத்தான் காணோம். விறகுல தேடிப் பாத்தேன், எரிஞ்சு போயிருந்துச்சு." சுத்தியலைக் கையில் எடுத்தான். "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். ரெண்டு மாசம் இருந்தேன். அப்புறம் விட்டுட்டேன்."

"வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே மாப்ள."

"அக்காகிட்ட போயி உம் புருசன்தான்னு சொல்லச் சொல்றீங்களா? நீங்க போயி சொல்லுங்க." அடுத்த பலகையை இழுத்துப் போட்டு அடிக்க ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அவர் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து, நின்றபடியே மனைவியிடம் சொன்னார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கடைசிவரை மடித்துக்கொண்டே கேட்டாள். அவர் சட்டை ஒன்று கையில் வந்தபோது மட்டும் நிறுத்தி, அதை மடிக்காமல் தனியாக வைத்தாள்.

"அவன் வாசல்ல நின்னப்போ நீங்க உள்ளதான சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமா."

"நான் பேசினது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

துணிகளை அப்படியே விட்டுவிட்டு அவள் எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுப் பக்கம் நடந்தாள். அவர் வாசல்வரை போய்ப் பார்த்தார். தெருமுனையில் திரும்பும்போது அவள் கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருந்தாள்.