காரில் இருந்த இரண்டாவது பெயர்

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் என்னோடு வேலை பார்த்த கெர்லிண்டுக்கு, புதிய கார்களின் கணினிக்குள் திருடர்கள் நுழையும் வழிகளைத் தேடி அடைப்பதுதான் தொழில். கணவன் ஹோல்கரைப் பிரிந்து தனி வீட்டுக்கு வந்த பிறகும், அவள் எங்கே போனாலும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

"நேத்து ஏரிக்கரை ஓட்டலுக்குப் போனியாமே? கேக்குக்குப் பேர்போன இடமாச்சே, நல்லா இருந்துச்சா?" என்று போனில் சிரிப்பான்.

அங்கே அவளோடு போனவள் தங்கை உட்டே மட்டும்தான். "நீதானடி அவன்கிட்ட போட்டுக் குடுத்த? இனி என் மூஞ்சியில முழிக்காத!" என்று கத்திவிட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டாள் கெர்லிண்ட்.

வசந்தத்தில் காரை விற்க முடிவு செய்து, போனில் அதன் செயலியைத் திறந்தாள். கார் நிற்கும் இடத்தைப் பார்க்க அதில் இரண்டு பேருக்கு அனுமதி இருந்தது. இரண்டாவது பெயர் ஹோல்கர். கார் வாங்கிய அன்று, அவசரத்துக்கு அவனும் திறக்கட்டும் என்று அவளே சேர்த்தது.

"ஊர்ல இருக்கிற காருக்கெல்லாம் பூட்டுப் போட்டேன். என் புருஷனுக்குப் போடணும்னு தோணலையே" என்று என்னிடம் அழுதாள்.

அவன் பெயரை நீக்கி, போலீசில் புகாரும் கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்த உட்டே உள்ளே கூப்பிடவில்லை.

"அவன் உளவு பாத்தது இருக்கட்டும்க்கா. நான் உன்னைக் காட்டிக் குடுப்பேன்னு எப்படி நெனச்ச?"

வாசலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினாள் கெர்லிண்ட்.

அம்மாவின் பிறந்தநாள் போன்ற நாட்களில் இருவரும் இப்போது சந்தித்துப் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் உட்டே அக்காவோடு வெளியே எங்கும் போவதில்லை.