வரிசையில் வந்த பழைய கம்ப்யூட்டர்

இந்தப் பொங்கலுக்குத் தங்கச்சி வீட்டு வாசலில் என் லோடு வண்டியை நிறுத்தினேன். பாபநாசம். தெரு முழுக்கக் கோலம்.

பானை இறங்கியது. பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்புக் கட்டு, எங்கள் பட்டுக்கோட்டைத் தேங்காய். கடைசியாக ஒரு கறுப்புப் பெட்டி. மூலையில் கீறல். நெற்றியில் சந்தனம், குங்குமம்.

தங்கச்சியின் மாமியார் வாசலில் நின்றார்கள். பெட்டியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"என்ன தம்பி, வர்ற வழியில காயலான் கடைக்குப் போயிட்டு வந்தீங்களா?"

நான் திரும்பி வண்டியின் பின்கதவைச் சாத்தினேன். எனக்கு எதிர்த்துப் பேச வராது.

தங்கச்சி பெயர் கவிதா. கல்யாணத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குழந்தை வந்தது. வேலை போனது. மாப்பிள்ளை சிங்கப்பூரில். வீட்டில் இவளும் மாமியாரும் பிள்ளையும்.

மார்கழியில், முன்பு உடன் வேலை பார்த்த தோழி ஒருத்தி கூப்பிட்டாள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. ஆனால், இத்தனை நாள் விட்ட வேலையைச் சும்மா தூக்கிக் கொடுப்பார்களா? தை முடிவதற்குள் செய்து காட்ட வேண்டும். அதற்கு வீட்டில் பழக வேண்டும்.

பழக ஒரு கம்ப்யூட்டர் போதாது. நாலு வேண்டும். நாலையும் ஒன்றுக்குள்ளேயே ஓட்டலாமாம். மாப்பிள்ளை விட்டுப்போன லேப்டாப்பில் ரெண்டாவதைத் திறந்தாலே மூச்சு முட்டி நின்றுவிடுகிறது.

"அண்ணே, இந்த வருஷம் வரிசையோட ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிக் குடுங்க" என்றாள். இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரி மல்லிகா விடவில்லை.

"வரிசையில பழசா? ஊர் என்னங்க பேசும்? அவ அந்த வீட்ல தலை நிமிர்ந்து நிக்க வேணாமா? புதுசா, பளபளன்னு ஒரு லேப்டாப்பா வாங்குங்க."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. தஞ்சாவூர் போனேன்.

கடைக்காரர் ஒரு வெள்ளி நிற லேப்டாப்பை எடுத்து வைத்தார். வெற்றிலை மாதிரி மெல்லிசு. தாம்பாளத்தில் வைத்தால் எவ்வளவு அழகு! எதற்கும் கேட்டுவிடலாம் என்று கவிதாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ரேம் எவ்வளவுண்ணே?"

"எட்டாம்."

"கூட்டிக்கலாமான்னு கேளுங்க."

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். "போர்டோட ஒட்டியே வருதும்மா. ஏத்த முடியாது."

"அப்ப வேணாம்."

அடுத்து ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பும் நீலமுமாக லைட்டு. கோயில் திருவிழா கெட்டது போங்கள்! போனில் கவிதாவிடம் சொன்னேன்.

"அது கேம் விளையாடுறவங்களுக்குண்ணே. காசெல்லாம் கிராபிக்ஸ் கார்டுக்குப் போயிடும். எனக்கு எழுத்து தெரிஞ்சாப் போதும்."

"ஏம்மா, அந்த ரேம் ரேம்னு எதுக்கு உயிரை விடுற?" என்றேன்.

"அண்ணே, அப்பா நிலத்தைப் பாகம் பிரிச்ச மாதிரிதான். நிலம் ஒண்ணு. வரப்பு போட்டா நாலு. ரேம்தான் நிலம். எட்டை நாலாப் பிரிச்சா ஆளுக்கு ரெண்டு... அதுல என்ன விளையும்? ஆனா ஒரு வயல்ல பூச்சி விழுந்தா பக்கத்து வயலுக்குப் போகாது. அதான் இதுல விசேஷம்."

நம் ஊர் வயலை விட நல்ல வயல் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் உள்ளே போய், ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட பெட்டி ஒன்றைத் தூக்கிவந்தார். தூசு. கனம். கவிதா வீடியோ காலில் வந்தாள். அவள் குரலே மாறிவிட்டது.

"ப்ராசஸர்ல எத்தனை கோர்? ஆறா? சரி. பயோஸ் உள்ள போங்க. விர்ச்சுவலைசேஷன்னு இருக்கா? வரப்பு போடுறது அதுதான், ஆன் பண்ணுங்க. ஹார்ட் டிஸ்க் வேணாம், புது எஸ்எஸ்டி போட்டுடுங்க. ரேம் ஸ்லாட் எத்தனை?"

"நாலும்மா. ரெண்டுல பதினாறு பதினாறு போட்டுத் தரேன். ரெண்டு காலியா இருக்கும். அப்புறம் வேணும்னா ஏத்திக்கலாம்."

"இதான்ணே. விண்டோஸ் வேணாம். லினக்ஸ் நானே போட்டுக்கறேன், அதுக்குக் காசு கிடையாது."

"கீறல் இருக்கேம்மா..."

"அண்ணே, எனக்குக் காட்டி வைக்க வேணாம். வேலைக்கு வேணும்."

வாங்கினேன். அதோடு ஒரு பழைய திரையும் கீபோர்டும், கரண்ட் போனால் தாங்க ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கினேன். அப்படியும் அந்த வெள்ளி லேப்டாப் விலையில் பாதியைத் தொடவில்லை. மல்லிகா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் துணியை நனைத்துத் துடைத்து, சந்தனம் வைத்தது அவள்தான்.

பொங்கல் சாப்பிட்டு முடிந்ததும் கவிதா பெட்டியை ஓடவிட்டாள். லினக்ஸ் ஏறியது. கொஞ்ச நேரத்தில் திரையில் நாலு கட்டம். நாலிலும் எழுத்து ஓடியது. அதில் ஒன்றை அவளே நிறுத்தினாள்.

பின்னால் நின்ற மாமியார் பதறிவிட்டார்கள். "அய்யய்யோ, ஒண்ணு போச்சே!"

"நான்தான் அத்தை நிறுத்தினேன். மத்த மூணும் ஓடுது பாருங்க."

"ம்" என்றார்கள். நகரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

அந்த நேரம் பக்கத்து வீட்டு அம்மா வந்தது. வரிசை பார்க்கத்தான், வேறெதற்கு?

"என்னக்கா, கம்ப்யூட்டரா? பழசு மாதிரி தெரியுதே..."

கவிதா தலையைக் குனிந்துகொண்டாள். மல்லிகா சொன்னாளே, கேட்டேனா?

மாமியார் திரும்பினார்கள்.

"பழசுதான். எங்க மருமக கேட்டு வாங்குனது. வெளியில ஒண்ணு, உள்ள நாலு. உங்க வீட்டு வரிசையில எத்தனை வந்துச்சு?"

அந்த அம்மா காபி கூடக் குடிக்கவில்லை.

சீர் வாங்குகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுச் செய்கிற பழக்கம் நமக்கு ஏது? பார்க்கிறவர்களுக்கு என்ன வேண்டுமோ, அதைத்தான் செய்கிறோம்.

கவிதா செய்து காட்ட வேண்டிய நாளில், பாதியில் கரண்ட் போயிருக்கிறது. யுபிஎஸ் பிடித்துக்கொண்டது. ரொம்ப நேரம் தாங்காது. அதை வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டினாள். அந்த இன்வெர்ட்டரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டையும் சேர்த்து அது இழுக்காது. சீரியல் நேரம் வேறு. மாமியாரே எழுந்துபோய் டிவியை நிறுத்தினார்களாம். இதைக் கவிதா என்னிடம் ரெண்டு தடவை சொன்னாள்.

வேலை கிடைத்துவிட்டது.

நேற்று மாமியாரே எனக்குப் போன் செய்தார்கள். நலம் விசாரித்தார்கள். வண்டி ஓட்டம் எப்படி என்று கேட்டார்கள். பிறகு விஷயத்துக்கு வந்தார்கள்.

"தம்பி, அதுல ரெண்டு இடம் காலியா இருக்காமே? அடுத்த பொங்கலுக்கு ரேம் கொண்டாந்துடுங்க. கரும்பு இங்கயே கிடைக்குது."