பெரிய வெள்ளியன்று பதிந்த பாட்டு

எங்கள் இசைக்குழுவில் மூன்று பேர்தான். டிரம்ஸ் அடிப்பவன் கொழும்புத்துறைக் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை. பாடுகிறவர் நெல்லியடியில் இரசாயனவியல் படிப்பிக்கும் ரியூசன் மாஸ்டர். வயதில் மூத்தவர் என்பதால் எங்கள் இருவருக்கும் அண்ணை. பேஸ் கிற்றார் நான், தெல்லிப்பழையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. நாங்கள் வாசிப்பது மெட்டல் என்றுதான் சொல்லிக்கொள்வோம். ஆனால் அதற்குள் திடீரென்று நாட்டுக்கூத்து மெட்டு நுழையும், ஆடவைக்கும் பைலா நுழையும். ஒருமுறை தோட்டத்து நீரிறைக்கும் மெஷினையே ஓடவிட்டுப் பதிந்தோம். அதைக் கேட்ட என் அப்பா, "எப்ப பாட்டுத் தொடங்கும், பிள்ளை?" என்று கேட்டார். அப்போது பாட்டு முடிந்திருந்தது.

போன மாதம், எந்த அல்பத்திலும் சேராத எங்கள் பதிவுகளைத் திரட்டி ஒரு தொகுப்புப் போடுவதென்று முடிவானது. ஒத்திகைகள், பிழைத்தவை, மின்வெட்டில் பாதியில் அறுந்தவை எல்லாம் அதற்குள் வரும். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. வெளியிடுபவருக்கு அனுப்பவேண்டியதற்கு முந்தின நாள், டிரம்ஸ்காரன் வீட்டு விறாந்தையில் கணினியோடு மூவரும் குந்தியிருந்தோம்.

ஒரு பாட்டு மட்டும் இல்லை. அண்ணைக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

வெளிவந்த பாட்டுகளில் எல்லாம் அவர் அடக்கித்தான் பாடியிருக்கிறார். ரியூசன் பிள்ளைகளின் தாய் தகப்பன் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். அடிவயிற்றிலிருந்து அவர் முழுதாகக் கத்திக் குளறியது ஒரே ஒரு நாள், ஆறு வருடத்துக்கு முந்திய ஒரு பெரிய வெள்ளி. அதற்குப் பிறகு குரல்நாணில் சத்திரசிகிச்சை. இப்போது அவர் கதைப்பதைக் கேட்கக் கிட்டப் போகவேண்டும். இனிக் குளறவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

பெரிய வெள்ளியைத் தெரிந்தெடுத்தவள் நான். அன்றைக்குக் கரையில் வள்ளம் போகாது, ஐஸ் லொறி வராது, ரேடியோ பாடாது. பதிவுக்கு அதைவிட நல்ல நாள் எங்கே கிடைக்கும்? நான் தலையிடி என்று சொல்லி எங்கள் மெதடிஸ்ட் கோயில் ஆராதனைக்குப் போகாமல் வந்தேன். அண்ணை சைவம், அவருக்குப் பாவமில்லை. டிரம்ஸ்காரன் கத்தோலிக்கன், அவன்தான் முழு நேரமும் வியர்த்து வடிந்தான். இதே வீட்டில் யன்னலெல்லாம் மெத்தை சாத்திப் பதிந்தோம். அடுத்த கிழமை, ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது என்றான்.

"அனுப்பிறது பிந்தினாலும் பரவாயில்லை, அந்த டிஸ்க்கைத் தா, கொழும்பிலை குடுத்துப் பாப்பம்" என்றேன்.

அவன் நிலத்தைப் பார்த்தான். "டிஸ்க் பழுதாகேல்லை, அக்கா. நான்தான் அழிச்சனான். பெரிய சனி பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சுவாமியாரிட்டை இதைச் சொன்னனான். அவர் அழிக்கச் சொல்லேல்லை. எனக்குத்தான் மனம் கேக்கேல்லை."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "எருமை, பாவம் உன்ரை, பாட்டு எங்கடையெல்லே?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அண்ணை கணினியை மெல்ல மூடினார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அப்போதுதான் குசினிக்குள்ளிருந்து அவனுடைய அம்மா வந்தார். "ஏன் பிள்ளை சத்தம்? அண்டைக்கு நான் பிரான்சிலை இருக்கிற மூத்தவளுக்குச் சிலுவைப்பாதை ஊர்வலம் முழுக்க வீடியோ எடுத்தனான். எங்கடை ஒழுங்கைக்காலை வரேக்கை உங்கடை சத்தமும் அதிலை கேக்கும்."

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஊர்வலம் கரையோர வீதியால் போகும் என்றல்லவா அன்று அவன் அடித்துச் சொன்னான்.

அலுமாரியிலிருந்து பழைய போன் வந்தது. சார்ஜ் ஏறும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீடியோவில் சிலுவை முன்னே போகிறது. அன்று மணி அடிக்கக்கூடாதென்பதால் ஒருவர் மரச்சட்டத்தைத் தட்டிக்கொண்டு போகிறார். இந்த வீட்டு வாசலுக்கு நேரே பன்னிரண்டாம் தலம், ஆண்டவர் உயிர்விடும் இடம். எல்லோரும் முழங்காலில். ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. அதற்குள், மெத்தைகளையும் தாண்டி, அண்ணையின் குரல்.

நாலு நிமிடம். டிரம்ஸ் எங்கோ ஆழத்தில் இடிக்கிறது, நடுநடுவே மரச்சட்டம் தட்டுகிறது, அதன்மேல் அந்தக் குளறல். நாங்கள் ஆறு மாதம் மினைக்கெட்டாலும் அப்படி ஒரு பதிவைச் செய்திருக்க முடியாது. நான் சந்தோசத்தில் டிரம்ஸ்காரனின் முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டேன்.

அண்ணை அம்மாவுக்குக் கிட்டப் போய், "அன்ரி, உங்கடை செபத்துக்கை நான் கத்தியிருக்கிறன். இதை வெளியிலை விடுறது பிழையோ?" என்று கேட்டார்.

அம்மா போனைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாங்கள் அத்தினை பேரும் புத்தகத்தைப் பாத்து வாசிச்சம், தம்பி. அண்டைக்கு ஆண்டவருக்காக வாய்விட்டுக் குளறினது நீர் ஒருத்தர்தான். விடும்."

அண்ணை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுகைக்கும் சத்தம் வரவில்லை. நான் கணினியை இழுத்துத் திறந்து, அந்த நாலு நிமிடத்தைத் தொகுப்பின் முதற்பாட்டாக வைத்தேன்.