மாக்கட்டுக்குள் போன ஈர்க்குச்சி

என் கணவர் டிராம் ஓட்டினார். பினாங்கு ஜெட்டி படகுத்துறையிலிருந்து ஜெலுத்தோங் போகிற டிராம் சுங்கை பினாங் பாலத்தைத் தாண்டியதும் எங்கள் வீட்டு வரிசைக்கு முன்னால்தான் போகும். அந்தக் காலத்து டிராமை நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். ஒரு கை வேகத்துக்கு, இன்னொரு கை பிரேக்குக்கு. மணி அடிக்க மிச்சம் இருப்பது கால்தான். தரையில் ஒரு குமிழ் இருக்கும், அதை மிதித்தால் அடியிலிருந்து டங்கென்று கேட்கும். என் கணவர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது வலது காலால் வேகமாக இரண்டு, நிதானமாக ஒன்று மிதிப்பார். ரோட்டில் ஆடும் இருக்காது, மாடும் இருக்காது. அந்த மணி எனக்கு. அடுப்படியில் இருந்தபடியே "சரி சரி, கேட்டுச்சு" என்று முனகிக்கொள்வேன். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆன பிறகும் இந்தக் கூத்து நடந்தது.

அந்த வலது கணுக்கால்தான் உடைந்தது. மழை நாளில் ஜெலுத்தோங் முனையில் இறங்கியவர் ஈரத் தண்டவாளத்தில் வழுக்கி விழுந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் அறுத்து, எலும்பைக் கம்பியால் கட்டி, தையல் பிரித்த பிறகு முழங்காலுக்குக் கீழே பாதம் வரை மாக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார். டிராம் இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்து, கால் சரியானதும் வா, உன் இடம் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.

வலியை அவர் பொறுத்துக்கொண்டார். அரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. பினாங்குப் புழுக்கத்தில் மாக்கட்டுக்குள் வியர்த்து வியர்த்து, நினைத்த நேரத்திலெல்லாம் அரிக்கும். வாய் பேசாத மனிதர் அவர். எனக்குத்தான் வாய் நீளம். அப்படிப்பட்டவர் கட்டிலில் உட்கார்ந்து அந்த மாக்கட்டை இரண்டு கையாலும் டப் டப்பென்று அடிப்பார்.

"தாகான் பண்ண முடியல புள்ள, பொறுக்கவே முடியல. ஒரு கத்தியக் கொண்டா, வெட்டிப் போட்டுடறேன்."

"கால வெட்டிட்டு மணிய எதால அடிப்பீங்க, தலையாலயா?" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர மனசு கேட்கவில்லை. துடைப்பத்திலிருந்து நல்ல நீள ஈர்க்குச்சி ஒன்றை உருவினேன். அதைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், வெந்நீரில் போட்டேன், நுனியில் தேங்காய் எண்ணெய் தடவினேன். இதையெல்லாம் இன்றைக்கும் யார் கேட்டாலும் முதலில் சொல்லிவிடுவேன். மாக்கட்டுக்கும் காலுக்கும் நடுவில் அதை மெல்ல விட்டு, மேலும் கீழும் இழுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பெண் பார்க்க வந்த அன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் கீழ. அங்கதான். அங்கதான் புள்ள."

அதன்பிறகு தினமும் சாயங்காலக் கோப்பி குடித்ததும் எங்களுக்கு இதுதான் வேலை. அவர் காலை என் மடியில் போட்டுக்கொள்வார். நான் குச்சியை விட்டுச் சொறிவேன். கால் உடைந்த வீடு மாதிரியா இருந்தது அது? சந்தோஷமாக இருந்தோம், அதுதான் உண்மை.

ஒரு நாள் உருவிய குச்சி குட்டையாக வந்தது. நுனி இல்லை. தரையில் குனிந்து தேடினேன், கட்டிலுக்கடியில் தேடினேன். எங்கேயோ விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதே துடைப்பத்தால் வீட்டைப் பெருக்கிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. அடுத்த நாள் "குச்சி எங்க?" என்று கேட்டதற்கு, "போதும், ரொம்பப் பழகிட்டீங்க" என்று அடக்கிவிட்டேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. மாக்கட்டிலிருந்து அழுகல் வாடை வந்தது. பக்கத்து வீட்டார் உதவியோடு ரிக்ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அன்றே மாக்கட்டைப் பிளந்து, பழைய இடத்திலேயே மறுபடி அறுத்தார்கள். சீழை வடித்து, கம்பியையும் எடுத்துவிட்டார்கள்.

அவருக்கு மயக்கம் தெளிகிற நேரத்தில் டிரெஸ்ஸர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டுப் போடுவதில் கெட்டிக்காரர், வாயோ என்னைவிட நீளம். அவர் கையில் ஒரு தட்டு. அதில் விரல்கணு அளவு ஈர்க்குத் துண்டு கிடந்தது.

"இது என்னண்டு உள்ளுக்குப் போனது? ஆர் செய்த வேலை?"

தெருவில் எல்லாரிடமும் சண்டைக்குப் போகிற வாய், அன்றைக்குத் திறக்கவில்லை.

கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது. "நான்தாங்க. அரிப்பு தாங்கல."

"உமக்கு மூளை இருக்கோ? இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா காலையே எடுத்திருப்பினம்."

டாக்டரும் வந்து தன் பாஷையில் திட்டினார். எல்லாத் திட்டையும் என் கணவர் தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டார். நான் அவர் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து நின்றேன். அழுதது யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் அங்கேயே படுத்திருந்தார். தினமும் புண்ணைக் கழுவி, மஞ்சள் மருந்து வைத்துக் கட்டினார்கள். நான் தினமும் தூக்குச்சட்டியில் கஞ்சியும் மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு நடந்தே போவேன். வேறு ஒருவர் ஓட்டுகிற டிராமில் ஏறப் பிடிக்கவில்லை. குச்சியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசாமல் இருந்து எனக்குப் பழக்கமே கிடையாது. அந்த ஆறு வாரத்தில் பாதியாக இளைத்துவிட்டேன்.

புண் ஆறியது. ஆனால் கணுக்கால் உலக்கை மாதிரி நின்றுவிட்டது, மேலேயும் போகாது, கீழேயும் போகாது. இன்ஸ்பெக்டர் மறுபடி வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். நோன்புப் பெருநாள் கழிந்த திங்கட்கிழமை டிப்போவுக்கு வந்து ஓட்டிக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் கோட்டையும் தொப்பியையும் கொடுத்துவிட வேண்டும் என்றார். ஒரு மாதம்கூட இல்லை.

டிரெஸ்ஸர் சொன்னபடி உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்து, பாதத்தை என் கையால் பிடித்து வளைத்துவிடுவேன். பிறகு என் இரும்பு குவாலிச் சட்டியைத் தரையில் கவிழ்த்து வைப்பேன். அதுதான் மணி. அவர் மிதிப்பார். குதிகால் பட்டால் பாதம் படாது, பாதத்தை அழுத்தினால் வலியில் முகம் வெளுக்கும். ஒரு சத்தம் வந்தால் அடுத்த சத்தத்துக்குள் ஒரு மாடு ரோட்டைக் கடந்துவிடும்.

இரண்டு வாரம் இப்படியே போனது. ஒரு காலையில் நான் அவருடைய காக்கிக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"அத மடிச்சு வச்சிடு புள்ள. திங்கக்கெழம வரைக்கும் எதுக்கு, இன்னிக்கே கொண்டு போய்க் குடுத்துடறேன். தோட்டத்துல கணக்கெழுதுற வேல ஏதாவது கெடைக்கும் லா."

எனக்கு வந்ததே கோபம். அவர் மேல் வந்த கோபமா அது, என் மேல் வந்ததுதான். இஸ்திரிப் பெட்டியை டொக்கென்று வைத்தேன்.

"குச்சிய உள்ள விட்டது நான். ஒடஞ்சது தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்தவ நான். உங்க கால இப்படிப் பண்ணுனது நான். இப்ப வேலையும் போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்களுக்குச் சோறு போடுறது?"

சொல்லி முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தழும்பைத் தடவிக்கொண்டே பேசினார்.

"ஒடஞ்சது எனக்கும் தெரியும்" என்றார். "உள்ள குத்துச்சு. நான் சொல்லியிருந்தா நீ பயந்துபோய்ச் சொறியிறத நிறுத்திடுவே. அதான் சொல்லல. நீதான் மறுநாளே நிறுத்திட்டியே."

இப்படி ஒரு மனிதர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது. முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தேன். மனசிலிருந்து அந்தப் பாரம் இறங்கியதும்தான் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

"இந்தக் கால் வளையாது. சரி. நிக்குமா, நிக்காதா?"

"நிக்கும்."

"அப்ப அத நிக்கறதுக்கு மட்டும் வச்சுக்குங்க. மணிய எடது காலால அடிங்க."

இத்தனை நாளும் இது ஏன் தோன்றவில்லை என்றால், எந்த டிரைவரும் இடது காலால் அடித்து நாங்கள் பார்த்ததில்லை. மற்றபடி வேறு காரணம் கிடையாது. குவாலியை இடது பக்கம் நகர்த்தி வைத்தேன். அவர் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உலக்கைக் காலில் பாரம் முழுவதையும் போட்டு நின்றார். முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். நாலாம் நாள் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் நின்றார். இடது காலுக்கு இந்த வேலை புதிது. வேகமாக இரண்டு அடிக்கப் பழகிக்கொண்டது. மூன்றாவது மட்டும் எப்படி முயன்றாலும் கொஞ்சம் பிந்தியே விழும். எங்கள் வரிசைப் பிள்ளைகள் டிராம் வந்துவிட்டது என்று ஓடி வந்து ஏமாந்து போவார்கள். குவாலியின் அடி நசுங்கி, மீன் பொரிக்க முடியாமல் போனது.

அந்தத் திங்கட்கிழமை கோட்டைப் போட்டுக்கொண்டு, கைத்தடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். என்னைக் கூட வர வேண்டாம் என்றார். அரிசி களைந்தேன், களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன். டிராம்கள் போயின, வந்தன. ஒவ்வொரு மணியும் வேறு யாரோ மிதித்தது. மத்தியானம் தாண்டியதும், கோட்டைக் கொடுத்துவிட்டு வெறும் பனியனோடு நடந்து வருகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்போது பாலத்தின் பக்கம் ஒரு டிராம் வந்தது. டங் டங். பிறகு ஒன்றும் இல்லை. நான் கையில் அரிசிப் பானையோடு நின்றேன். பிந்தி, ஒன்று விழுந்தது.

வாசலுக்கு ஓடினேன். டிராம் தாண்டிவிட்டது. அவர் முதுகு மட்டும் தெரிந்தது, நேராக நின்றிருந்தார்.

சாயங்காலம் வந்து கட்டிலில் சாய்ந்தார். கால் வீங்கியிருந்தது. நான் கோப்பியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டிப்போவில் திருப்பிக் கேட்காத கோட்டைக் கழற்றித் தலைமாட்டில் வைத்தார். காலை எடுத்து என் மடியில் போட்டார்.

"தழும்பு அரிக்குது புள்ள. அந்தக் குச்சி இருக்கா?"

"வாய மூடிக்கிட்டுக் கோப்பியக் குடிங்க" என்று சொல்லிவிட்டு, விரல் நகத்தாலேயே மெல்லச் சொறிந்துவிட்டேன்.