தவிட்டுக்கு வாங்கிய பெயர்

எங்கள் தெருவில் லாரிக்காரர் என்றால் மதார் அண்ணன்தான். கீழப்பழுவூரில் வீடு. ரெட்டிபாளையம் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் டிப்பர் ஓட்டுகிறார். நெற்றி நிறையத் திருநீறு, பெயர் மதார். புதிதாய்ப் பழகுகிறவர்கள் பெயரைக் கேட்டதும் கண்ணை நெற்றிக்குக் கொண்டுபோவார்கள். அவர் விளக்கம் சொல்ல மாட்டார். ஹாரன் அடிக்கவே யோசிக்கிற மனிதர்.

அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று மகள் சிந்து ஒருநாள் செல்போனில் தேடினாள். அரபியில் சுற்றுப்பாதை என்று வந்தது, கோள்கள் போய்ப் போய்த் திரும்புகிற வழி. வடக்கே அடங்கியிருக்கும் ஒரு ஞானியின் பெயர் என்றும் வந்தது. இந்தியில் எருக்கஞ்செடி.

“அப்பா, நீங்க எருக்கஞ்செடியாம்.”

“சரியாத்தான் போட்டிருக்கான். ரெட்டிபாளையம் ரோட்டுப் புழுதியில வேற எது பச்சையா நிக்குது?”

அவர் மனைவி ஜெயசித்ரா அடுப்படியிலிருந்தே சொன்னார்: “சுத்துற பாதையும் சரிதான். குவாரிக்கும் ஃபேக்டரிக்கும் சுத்துறதத் தவிர வேற என்னத்தக் கண்டீங்க?”

செல்போனில் வராத அர்த்தம் ஒன்று அவருடைய அம்மா வீராயிக்குத் தெரியும். மதாருக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அப்போது அவர்கள் லெப்பைக்குடிக்காட்டில் குடியிருந்தார்கள். அடுத்ததாக இவர் பிறந்ததும், வழக்கப்படி விற்றுவிட்டார்கள். பிள்ளையை முறத்தில் கிடத்தி அடுத்த வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்த் தவிட்டுக்குக் கொடுப்பது. விற்ற பிள்ளை நம்முடையது இல்லை, எமன் வந்து கேட்டாலும் இல்லையென்று சொல்லிவிடலாம். பிள்ளை என்னவோ பெற்றவளிடம்தான் வளரும். ஆனால் பெயர் வைப்பது வாங்கியவள்.

வாங்கியவர் ரஹ்மத். அப்போது கல்யாணமாகி வந்த புதுப்பெண். ஆட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு படி அளந்து போட்டுவிட்டு, முந்தின வருஷம் மௌத்தாகிப்போன தன் தகப்பனாரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார். தகப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. அதனால் அன்று முதல் மதாரை அவர் கூப்பிடுவது “அத்தா” என்றுதான். தகப்பனாரையும் அப்படித்தான் கூப்பிட்டிருந்தார்.

இந்தப் பெயர் இத்தனை வருஷம் யாரையும் உறுத்தவில்லை. சிந்துவுக்கு உடையார்பாளையம் பக்கம் மாப்பிள்ளை முடிவானபோதுதான் உறுத்தியது. மாப்பிள்ளை முத்தமிழ்செல்வனின் அம்மா கலியம்மாள் கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் கேட்டு வந்தார். ‘மதார்’ என்பது லாரிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் என்றே அதுவரை நினைத்திருந்தாராம்.

“அண்ணே, நான் தப்பா சொல்லல. பத்திரிகையப் பாத்துட்டு எங்க சனம் ஆளுக்கொண்ணு கேக்கும், எனக்கு பதில் சொல்லி மாளாது. மாதவன்னு போட்டுக்குங்களேன். காதுல கேட்டா கிட்டத்தட்ட ஒண்ணுதான்.”

மதார் அண்ணன் தலையாட்டினார். மகள் போகப்போகிற வீடு. முதல் பேச்சிலேயே முட்டிக்கொள்ள அவருக்கு மனம் இல்லை.

கலியம்மாள் போனதும் வீராயி பிடித்துக்கொண்டார். “நீ பாட்டுக்கு மண்டைய ஆட்டுற? அது ஒம் பேரா? வித்தவ நானே அதைத் தொட முடியாது. மாத்தணும்னா வாங்குனவகிட்ட தவுட்டத் திருப்பிக் குடுத்துட்டு வா.”

அடுத்த நாள் மதார் அண்ணன் அரிசி ஆலையில் தவிடு வாங்கி, மஞ்சப்பையில் கட்டி, பைக்கில் அகரம்சீகூர் வழியாக லெப்பைக்குடிக்காட்டுக்குப் போனார். ரஹ்மத் வாசலில் ஆட்டுக்கு அகத்திக்கீரை போட்டுக்கொண்டிருந்தார்.

“வா அத்தா! ஆட்டுக்குத் தவுடு தீந்துபோச்சுன்னு ஒனக்கு யாரு சொன்னா?”

மதார் அண்ணன் பையைக் கீழே வைத்தார், திரும்பத் தூக்கினார், மறுபடி வைத்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். ரஹ்மத் தவிட்டில் ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார்.

“அவங்க நல்லவங்களா?”

“நல்லவங்கதாம்மா.”

“சிந்துவ நல்லா வச்சுக்குவாங்களா?”

“வச்சுக்குவாங்க.”

“அப்பறம் என்ன. புள்ளைய விட பேரு பெருசா?” தவிட்டை ஆட்டுத்தொட்டியில் கொட்டி, பையை உதறி மடித்துக் கையில் கொடுத்தார். “புதுப் பேரு என்ன?”

“மாதவன்.”

“சரி. மாதவா, டீ குடிக்கிறியா?”

மதார் அண்ணன், தன் பின்னால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டாராம். இதை என்னிடம் சொன்னபோது டம்ளரில் ஆடை படிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று டீ குடிக்காமலே கிளம்பிவிட்டதாகச் சொன்னார்.

மறுவாரம் கலியம்மாள் பத்திரிகை மாதிரியோடு வந்தார். மதார் அண்ணன் எல்லாவற்றையும் ஒரே வரியில் முடித்தார்: “மாதவன்னே போட்டுக்கலாம் தங்கச்சி. தவுட்டத் திருப்பிக் குடுத்துட்டேன்.”

“எந்தத் தவுட்ட?”

வீராயி முறத்திலிருந்து தொடங்கிச் சொன்னார். கேட்கக் கேட்க கலியம்மாளின் முகம் வெளிறியது.

“அட கிறுக்கு மனுசா! தவுட்டுப் பேரையா திருப்பிக் குடுத்தீங்க? அதுவும் கல்யாணத்த வச்சுக்கிட்டு! லாரி ஓட்டுற ஆளு!”

“நீங்கதான தங்கச்சி...”

“எனக்கென்ன தெரியும்? ஏதோ ஆசைக்கு வச்சதுன்னு நெனச்சேன். இப்படிப்பட்ட பேருன்னு ஒரு வார்த்தை சொல்ல வாயில்ல ஒங்களுக்கு? எம் மவன் மட்டும் என்னவாம்? முத்தமிழ்செல்வன் பள்ளிக்கூடத்துப் பேரு. பொறந்தப்ப குப்பையில போட்டு எடுத்த புள்ள அவன். வூட்டுல இன்னைக்கும் நான் குப்பையான்னுதான் கூப்பிடுறேன். அந்தப் பேர நான் யாருக்காச்சும் விட்டுக்குடுப்பனா?”

உள்ளேயிருந்து சிந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. வருங்கால மாமியாருக்கு முன்னால் அடக்கப் பார்த்து முடியாமல் போன சிரிப்பு. மாப்பிள்ளையின் பெயரை அவள் செல்போனில் மாற்றிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

“மொதல்ல போய்ப் பேர வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் பத்திரிகை அச்சுக்குப் போகாது,” என்றார் கலியம்மாள். “எங்க சனம் கேட்டா தவுட்டுப் பேருன்னு சொல்லிக்கிறேன். அதுக்கப்பறம் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க.”

இந்த முறை ஜெயசித்ராவும் பைக்கில் ஏறிக்கொண்டார். பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்ட கணவரைத் தனியாக ரோட்டில் அனுப்ப அவருக்குப் பயம். ரஹ்மத் சேதியை முழுக்கக் கேட்டார். அப்புறம் ஆட்டைக் காட்டினார்.

“தவுடு எங்க இருக்கு? அது அன்னைக்கே தின்னு தீத்துடுச்சு. ஒன்ன வாங்க எங்கிட்ட இப்ப ஒண்ணுமில்லையே.”

“கடையில வாங்கியாரட்டுமாம்மா?”

“நீ வாங்கியாந்து நான் ஒன்ன வாங்குறதா? நல்லா இருக்கு ஞாயம்!”

உள்ளே போனார். டப்பாக்கள் உருளுகிற சத்தம் கேட்டது. துபாயில் இருக்கும் மகன் ஆசிப், சர்க்கரைக்கு நல்லது என்று அனுப்பிய ஓட்ஸ் டப்பா ஒன்றோடு வந்தார். உடைக்கவே இல்லை.

“இதுவும் தவுடு மாதிரிதான் இருக்கு, தின்னாலும் அப்படித்தான் இருக்கும். பிடி.” டப்பாவை ஜெயசித்ராவின் மடியில் வைத்தார். “முறம் வேணாம். இந்த ஒடம்ப எந்த முறம் தாங்கும்?”

ஜெயசித்ராவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பத்திரிகையில் ‘மதார் – ஜெயசித்ரா’ என்றே அச்சானது. முதல் பத்திரிகையை லெப்பைக்குடிக்காட்டுக்குத்தான் கொண்டுபோனார்கள். ரஹ்மத் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை.

“உக்காரு அத்தா,” என்றார். “டீ போடுறேன்.”