சரிவுப் பாதையில் நின்ற கார்கள்

ஹமீது காக்கா ஊரில் மவுத்தாகிவிட்ட செய்தி நம் கட்டட வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் பதினாறு. பதினேழாவதாக ஒருவர் கேட்டிருந்தார்: "அப்ப இனிமே கார் கழுவ யாரு வருவா?" அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஓதிப் பார்க்கிறேன், அடங்கவில்லை.

எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். ஷார்ஜாவில் நம் கட்டடத்துக்கே அவர் காக்காவானார். பன்னிரண்டு வருடக் காவல்காரர். பேஸ்மென்டில் தேங்கும் தண்ணீரை வெளியே இறைக்கும் பம்புக்குப் பக்கத்து அறைதான் அவர் வீடு. பம்பு கெட்டதும் கட்டடத்தைப் பராமரிக்கும் ஆபீசுக்குப் போய்ச் சொன்னார். சொல்லிவிட்டு வரும்போதெல்லாம் என் வாசலில் நிற்பார். "தங்கச்சி, இன்னைக்கும் சொல்லிட்டேன். உங்க நோட்டுல தேதி போட்டு வைங்க. எனக்கு எழுத வராது, அவங்களுக்கு ஞாபகம் வராது." கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளை எழுதும் நோட்டில் அதையும் எழுதினேன். ஏழு முறை. ஆபீசின் பதில் ஏழு முறையும் ஒன்றே: "மாஃபி முஷ்கில் பாய், ஒரு பிரச்சினையும் இல்ல, இங்க எங்க மழை பெய்யுது?"

பெய்தது. பேஸ்மென்டில் இடுப்பளவு தண்ணீர் ஏறுவதற்குள் நாம் கார்களை மேலே ஏற்றினோம். தெருவில் விட்டால் அபராதம் வருமென்று சரிவுப் பாதையிலேயே வரிசையாக நிறுத்திவிட்டு, லிஃப்ட் நின்றதைத் திட்டிக்கொண்டே மாடியேறினோம். தண்ணீர் உறிஞ்ச வந்த டேங்கர் உள்ளே போக வழியில்லை.

காக்கா நனைந்த கைலியோடு கதவு கதவாகத் தட்டினார். "புது வண்டி காக்கா, தண்ணியில விடச் சொல்றீங்களா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "ஜும்ஆ முடிஞ்சு வந்து எங்க வீட்டுக்காரர் தூங்குறாங்க, கொஞ்சம் பொறுங்க" என்றவள் நான்.

காக்கா சிரித்தார். "தூங்கட்டும் தங்கச்சி. என் கட்டில்தான் மிதக்குது. எங்க போயிடப் போகுது?"

டேங்கர் அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டது. காக்கா மூன்று நாள் வாளியால் இறைத்தார். இருமல் பிடித்தது. "லீவு எடுத்துட்டு ஊருக்குப் போ" என்று ஆபீஸ் அனுப்பிவைத்தது. போனவர் திரும்பவில்லை.

"எப்போதும் சிரித்த முகம்" என்று குழுவில் எழுதுகிறீர்கள். அந்தச் சிரித்த முகம் அன்று நம்மிடம் கேட்டது ஒன்றுதான்: வண்டியை நகர்த்துங்கள்.

அவருடைய நினைவாக என்னிடம் இருப்பது அந்த நோட்டுப் பக்கம். ஆபீசின் குற்றத்தைத் தேதி தவறாமல் எழுதிய நான், எங்கள் கார் வரிசையில் மூன்றாவதாக நின்றதை எழுதவில்லை. இன்று லுஹர் தொழுதுவிட்டு எழுதினேன். அதற்கு மேலும் கீழும் வரிகள் காலியாக இருக்கின்றன. உங்கள் கார் எத்தனையாவது என்பது உங்களுக்குத் தெரியும்.