பாத்திரக் கடை மாடியில் டச்சு நீலம்

காலையில் முதல் நோயாளியை நாற்காலியில் சாய்த்துவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தேன். கைபேசி அதிர்ந்தது. தி. நகரிலிருந்து கவிதா, செண்பகவல்லி அம்மாளின் மருமகள். அந்த நேரத்தில் அவர் அழைக்கவே மாட்டார்.

"டாக்டர், அத்தை போயிட்டாங்க. காபி கேட்டாங்க. கலந்து எடுத்துட்டு வர்றதுக்குள்ள..."

நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மந்தைவெளியில் ஆட்டோ பிடித்தேன். வழி நெடுக, இனி யாரிடம் போய் ஒரு தட்டின் பின்பக்கத்தைக் காட்டுவேன் என்பதுதான் மனதில் ஓடியது. துக்கம் சில சமயம் இப்படி அற்பமான கேள்வியாகத்தான் வருகிறது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செண்பகவல்லி அக்கா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து தி. நகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். குடும்பத்துக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. கணவர் மறைந்த பிறகு கல்லாவில் அமர்ந்து கடையை நடத்தியவர். இத்தனை வருடம் சென்னையில் இருந்தும் பேச்சில் ஊர் மாறவில்லை. இன்னொரு பக்கம், டச்சுக்காரர்கள் முந்நூறு வருடங்களுக்கு முன் செய்த நீலமும் வெள்ளையுமான மண்பாண்டங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர். விழுந்தால் நெளிவதை விற்று, விழுந்தால் உடைவதை வாங்குகிறவர் என்று நாங்கள் கேலி செய்வோம். "வீட்டுல ஒரு சாமானாவது நம்மளப் பயமுறுத்தணும்லா" என்பார்.

நாங்கள் சந்தித்தது மயிலாப்பூரில் ஒரு பழைய சாமான் கடையில். பாறை மேல் பறவை அமர்ந்திருக்கும் ஒரு சிறிய நீலத் தட்டு. நான் கை நீட்டிய அதே நேரத்தில் மறுபக்கத்திலிருந்து வளையல் போட்ட ஒரு கை வந்தது. அவர் தட்டைத் தூக்கினார். படத்தைப் பார்க்கவில்லை, சட்டென்று திருப்பினார்.

"மொகத்த அப்புறம் பாப்போம். மொதல்ல முதுகக் காட்டட்டும்."

விளிம்புக்கு அருகே மூன்று சிறு வடுக்கள் இருந்தன. சூளையில் தட்டைத் தாங்கிய முளைகளின் தடம், பழைய அசலுக்கு அடையாளம் என்று விளக்கினார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கும் ஆசையா இருக்கா?"

"ரொம்ப" என்றேன்.

"அப்ப நீங்களே எடுத்துக்கிடுங்க. ஆனா நான் அப்பப்ப வந்து பாப்பேன். சம்மதமா?"

சொன்னபடியே வந்தார். என் பல் கிளினிக்கில் நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்திருப்பார். முறை வந்ததும் பல்லைக் காட்டாமல் "எங்க நம்ம பறவை?" என்பார்.

இந்த ஆசை எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். தூத்துக்குடியில் உறவினர் வீட்டில் உடைந்த தட்டு ஒன்றைப் பார்த்தாராம். சாதாரணக் களிமண், அதற்கு மேல் பால் போன்ற வெள்ளை. அந்த வெள்ளை எப்படி வந்தது என்று விசாரித்தபோது, மெருகில் வெள்ளீயம் கலந்திருக்கிறது என்றார்கள். "நம்ம பித்தளை அண்டாவுக்குப் பூசுத ஈயமா!" என்று அசந்து போனாராம். "சீனாக்காரன் பீங்கான் மாதிரி செய்யணும்னு டச்சுக்காரனுக்கு ஆசை. அந்த மண்ணு கெடைக்கல. கெடைச்ச மண்ணுக்கு ஈயத்தப் பூசி வெள்ளையாக்கிட்டான் பாத்தியளா. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிச்சுது."

கடையின் மாடியில் ஒரு சிறிய அறையில் எல்லாவற்றையும் வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம். நடுநாயகமாக ஒரு பெரிய தட்டு, பூக்கூடைச் சித்திரம். அக்காவின் பெருமையே அதுதான். வெளிநாட்டிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவரை நான் ஒருமுறை அங்கே அழைத்துப் போனேன். அவர் அந்தத் தட்டை வெகுநேரம் பார்த்தார். பின் தயங்கித் தயங்கி, இது பிற்காலத்து நகல், கையால் எழுதியதல்ல, அச்சில் எடுத்து ஒட்டியது என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் முகம் வாடித்தான் போனது. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "எதை வச்சுக் கண்டுபிடிச்சிய? எனக்கும் காட்டுங்க" என்பது. பூதக்கண்ணாடியை வாங்கி, நீலத்துக்குள் வரிசையாக நின்ற அச்சுப் புள்ளிகளைத் தாமே பார்த்துத் தெரிந்துகொண்டார்.

அடுத்த வாரம் போனபோது தட்டு அதே இடத்தில் இருந்தது. கீழே ஓர் அட்டை: "இது நகல். நான் ஏமாந்து வாங்கியது. எப்படி என்று கேட்டால் சொல்கிறேன்."

மகன் முருகேசனுக்குக் கோபம். "ஊர் சிரிக்கும்மா. நாம யாவாரம் பண்ற எடம் இது."

"சிரிச்சிட்டுப் போகட்டும். நான் ஏமாந்தத நானே பொத்தி வச்சா யாருக்கு என்ன பிரயோசனம்? பாக்குதவுக நாளைக்கு ஏமாற மாட்டாவல்லா."

அந்த அட்டைதான் பிறகு பெரிய காரியத்துக்கு வழி செய்தது. குக்கர் வாங்க வந்த வைத்தியநாதன் என்ற பெரியவர் மாடிக்கு ஏறி, அட்டையைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். மயிலாப்பூரில் அவருடைய பூர்வீக வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். பின்கட்டுச் சுவரில் சுண்ணாம்புக்கு அடியில் இதே மாதிரி நீலப் படம் போட்ட ஓடுகள் இருக்கின்றன என்றார். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டியிருந்த பழவேற்காட்டிலிருந்து வந்தவை என்று குடும்பத்தில் ஒரு பேச்சு, ஆதாரம் கிடையாது. ஒரு தரகர் கப்பல் படம் போட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்வதாகவும் மற்றவை குப்பைதான் என்றும் சொல்லியிருக்கிறார்.

அக்காவும் நானும் போய்ப் பார்த்தோம். அக்கா ஈரத்துணியால் சுவரைத் துடைக்கத் துடைக்க, படகுகள், மரங்கள், நாய்கள், விளையாடும் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, கப்பலும் அசல்தான், நாயும் அசல்தான். பிரிச்சுராதீங்க. எனக்குக் குடுத்தா ஒரே சுவராவே வைக்கேன். எப்பவும் விக்க மாட்டேன்."

பெரியவர் வெளிநாட்டிலிருந்த தம்பிகளோடு பேசினார். அவர்கள் தரகர் பக்கம். அவர் கேட்கவில்லை. "தான் ஏமாந்ததையே எழுதி மாட்டிண்டு ஒக்காந்திருக்கா. அவ என்னை ஏமாத்துவாளா?" என்று முடித்துவிட்டார்.

இடிப்பதற்குச் சில நாட்களே இருந்தன. அக்காவுக்கு ஏற்கெனவே நெஞ்சில் கோளாறு, தூசி ஆகாது. முருகேசன் எவ்வளவோ தடுத்தும், மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இடிக்க வந்த மேஸ்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாமா இது, பாத்ரூம் ஓடு மாறி கீது. ஒரே தட்டு, அல்லாம் வந்துரும்." அப்படித் தட்டியதில் முதல் ஓடு இரண்டாகப் பிளந்தது. அக்கா கத்தவில்லை. துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து அவரிடம் காட்டினார். தூண்டில் போட்டு நிற்கும் ஒரு மனிதன்.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "அட, மீனு புட்ச்சிகினு கீறான்!" பிறகு குரலைத் தாழ்த்தி, "மன்ச்சிக்கமா" என்றார். அதற்குப் பிறகு அவர் ஆட்கள் சுவரை உளியால் தட்டவில்லை. ரம்பத் தகட்டை ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே விட்டுப் பதமாக அறுத்தார்கள்.

"ஒடைஞ்சதையும் எடுத்து வைங்க" என்றார் அக்கா. "அதுவும் இந்தச் சொவத்துல இருந்ததுதான்."

ஓட்டின் பின்னால் ஒட்டியிருந்த காரையை நீக்குவது என் பொறுப்பு. "பல்லுல காரை எடுக்குதவுகளுக்கு இது என்ன பெரிய வேலையா?" என்றார். உண்மையிலேயே என் கிளினிக் கருவிகளால்தான் அதைச் செய்தேன்.

எல்லாம் தி. நகருக்கு வந்தபின் வைக்க இடம் இல்லை. சிறிய அறையில் அத்தனை பெரிய சுவர் கிடையாது. ஒரு நாள் முருகேசன் தாமாகவே மாடிக் கூடத்தின் நீண்ட சுவரிலிருந்து நான்ஸ்டிக் சட்டிகளின் அலமாரியை எடுக்கச் சொன்னார். "அம்மா அந்தத் தூசியில உக்காந்திருந்தத ஒருநாள் போய்ப் பாத்தேன் டாக்டர். அதுக்கப்புறம் எப்படி முடியாதுன்னு சொல்றது?" என்றார் என்னிடம். பிளந்த ஓடும் தன் இடத்துக்குப் போனது. எல்லாவற்றையும் சிமென்ட் இல்லாமல் சுண்ணாம்பிலேயே பதிக்கச் சொன்னார் அக்கா. பின்னால் வருகிறவர்கள் வேறு இடத்துக்குக் கொண்டுபோக நினைத்தால் ஓடுகளுக்கு வலிக்கக் கூடாதாம். சுவர் முழுமையான அன்று வைத்தியநாதன் மாமா வந்திருந்தார். இருவரும் அதன் எதிரே அமர்ந்து, காபி குடித்தார்கள். அக்கா அவ்வளவு நிறைவாக இருந்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பின் நல்லபடியாக ஒரு வருடத்துக்கும் மேல் இருந்தார். நோயில் கிடக்கவில்லை. அந்த வரத்தை அவருக்குக் கொடுத்த காலத்துக்கு நன்றி.

காரியங்கள் முடிந்து கடை திறந்ததும் நேற்று போயிருந்தேன். கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க வந்த ஒரு குடும்பம் கீழே பேரம் பேசிக்கொண்டிருந்தது. மணப்பெண் மட்டும் மாடிக்கு வந்து ஓட்டுச் சுவரின் எதிரே நின்றாள். பக்கத்தில் கவிதா. ஒருகாலத்தில் மாமியாரின் பைத்தியம் என்று முணுமுணுத்தவர், இப்போது விளக்கைச் சற்றுத் திருப்பி வைத்து, அந்தப் பெண் கேட்பதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று அந்தப் பெண் படிக்கட்டுப் பக்கம் ஓடிப்போய்க் கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "கார்த்தி, மேல வாயேன்! இங்க ஒருத்தன் பட்டம் விட்டுட்டு இருக்கான்!" மாப்பிள்ளை இரண்டிரண்டு படியாக ஏறி வந்தான். இருவரும் தலையோடு தலை முட்டிக் குனிந்து நின்றார்கள்.

செண்பகம் அக்கா, சென்று வாருங்கள். கூட்டம் வரத் தொடங்கிவிட்டது, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.